பெரிய பெட்டிக்கு எந்த டிராக்டர்?

மண்ணச்சநல்லூரிலிருந்து திருவெள்ளறை, புலிவலம் வழியாகத் துறையூர் போகும் சாலையிலும், பெருவளை, புள்ளம்பாடி வாய்க்கால் பாசன ஊர்களின் கிளைச் சாலைகளிலும் ஓடும் டிராக்டர்களை உழவு மட்டும் காப்பாற்றுவதில்லை. உழவு வேலை ஆண்டில் சில வாரங்களில் முடிந்துவிடும். வங்கித் தவணையைக் கட்டித் தருவது பின்னால் இழுத்துச் செல்லும் சுமைதான்: நெல் மூட்டை, கரும்பு, வைக்கோல், செங்கல், ஜல்லி, எம்.சாண்ட், தண்ணீர் டேங்க். அதனால் ஒரு கட்டத்தில், இருக்கிற டிரெய்லர் பெட்டியைவிடப் பெரிய பெட்டி செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் டிராக்டர் வைத்திருப்பவருக்கு வருவது இயல்பு. பட்டறையில் பெட்டிக்கு அளவு சொல்லும்போதும், ஷோரூமில் அதற்கேற்ற டிராக்டரைத் தேடும்போதும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: எத்தனை எச்.பி.? அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பெரிய பெட்டிக்கு டிராக்டர் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது டிராக்டரின் எடை. அடுத்து, பெட்டி டிராக்டரை எங்கே, எவ்வளவு அழுத்துகிறது என்பது. பிறகு, பெட்டிக்குத் தனியாக பிரேக் இருக்கிறதா என்பது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் குதிரைத்திறன் பெரும்பாலும் தானாகவே போதுமானதாக இருக்கும். இவை சரியில்லை என்றால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் காப்பாற்றாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 42 எச்.பி. டிராக்டர் ஒன்று, எடை 2 டன். இந்த வகையில் பல மாடல்கள் 1,800 கிலோவிலிருந்து 2,200 கிலோவுக்குள் இருப்பதால் இது நடுத்தரமான எடுத்துக்காட்டு. பின்னால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஜல்லி ஏற்றிய பெட்டி. பெட்டியின் சொந்த எடையும் சேர்த்து 6 டன். மொத்தம் 8 டன். சமதளமான தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கான எதிர்ப்பு மொத்த எடையில் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 160 கிலோ இழுவை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குத் தேவைப்படும் திறன் 12 எச்.பி. மட்டுமே. நூற்றுக்கு மூன்று ஏறும் மேம்பாலச் சரிவில் இழுவை 400 கிலோவாகும். அதே வேகத்தில் ஏற வேண்டுமென்றால் 30 எச்.பி. வேண்டும். கியரைக் குறைத்து 10 கிலோமீட்டரில் ஏறினால் 15 எச்.பி. போதும். 42 எச்.பி. எஞ்சினிலிருந்து கொக்கிக்கு வந்து சேர்வது 30ஐ ஒட்டித்தான் இருக்கும் என்றாலும், சாலையில் இந்தச் சுமையை இழுக்க அது தாராளம். 'என் வண்டி எவ்வளவு போட்டாலும் இழுக்குது' என்று டிராக்டர்காரர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. பெட்டிக்கும் டிராக்டருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதற்கு மட்டும் அது சான்றாகாது.

சாலையை விட்டு வயலுக்குள் போனால் எச்.பி. கணக்கு மாறும் என்று ஒருவர் கேட்கலாம். மாறுகிறது, ஆனால் அவர் நினைக்கும் திசையில் அல்ல. அறுவடை முடிந்த ஈர வயலிலிருந்து வண்டிப்பாதைக்கு ஏறும் மண்சரிவை எடுத்துக்கொள்வோம். இளகிய மண்ணில் உருளும் எதிர்ப்பு 12 சதவீதம், ஏற்றம் பத்துக்கு ஒன்று என்று வைத்தால் அதே 8 டன்னுக்கு 1,760 கிலோ இழுவை வேண்டும். மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அதற்கான திறன் 20 எச்.பி.க்கும் குறைவு, எஞ்சின் தயாராகவே இருக்கிறது. ஆனால் பின்சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ள வேண்டுமே. டிராக்டரின் பின்பக்க எடை 1,300 கிலோ, பெட்டி கொக்கியில் அழுத்துவது 800 கிலோ, முன்பக்கத்திலிருந்து பின்னால் மாறும் எடை ஐந்நூறு கிலோ என்று எல்லாம் கூட்டினாலும் பின்சக்கரங்களில் சுமார் 2,600 கிலோ. ஈர மண்ணில் அதில் பாதிதான் இழுவையாகும். ஆக 1,300 கிலோ கிடைக்கிறது, தேவையோ 1,760. சக்கரம் சுழன்று குழி பறிக்கிறது. அந்த இடத்தில் 50 எச்.பி. எஞ்சின் இருந்திருந்தால் குழி இன்னும் வேகமாகப் பறிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். குறைந்தது எடை, திறன் அல்ல. இதற்கு நம் கையில் கிடைக்கும் சான்று ஒன்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. கொக்கி இழுவைச் சோதனையை டிராக்டர் வெறுமையாக இருக்கும்போதும், கூடுதல் எடை ஏற்றிய பிறகும் தனித்தனியே செய்வார்கள். எஞ்சின் ஒன்றே, எடை ஏற்றியதும் அதிகபட்ச இழுவை உயர்கிறது. வாங்க நினைக்கும் மாடலுக்கு அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். விற்பனைத் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் இருப்பது எச்.பி.; உங்களுக்கு வேண்டிய எடை, சக்கர இடைவெளி, எடைமையம், பிரேக் செயல்திறன் எல்லாம் அந்த அறிக்கையில்தான் இருக்கும்.

இனி நிறுத்தும் கணக்குக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி இது. நம் ஊர் டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே. அந்தச் சக்கரங்கள் சாலையை எவ்வளவு அழுத்துகின்றனவோ அந்த அளவுக்குத்தான் பிரேக் பிடிக்கும். 1,300 கிலோ அழுத்தத்தில், காய்ந்த தார்ச்சாலையில், அதிகம் போனால் 780 கிலோ தடுப்பு விசை கிடைக்கும். பெட்டி இல்லாத 2 டன் டிராக்டர் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 9 மீட்டரில் நின்றுவிடும். பின்னால் பிரேக் இல்லாத 6 டன் நான்கு சக்கரப் பெட்டி இருந்தால் அதே 780 கிலோதான் 8 டன்னையும் நிறுத்த வேண்டும். தூரம் 36 மீட்டராகிறது. மழை நனைத்த சாலையோ, மணல் படிந்த சாலையோ என்றால் 50 மீட்டரைத் தாண்டும். நூற்றுக்கு ஐந்து இறங்கும் சரிவில், ஓட்டுநர் பதறிக் கிளட்சையும் சேர்த்து மிதித்துவிட்டால், சரிவே 400 கிலோவைத் தின்றுவிடும். மிச்சம் 380 கிலோ. நிற்க 75 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு நொடியில் வண்டி ஓடும் 8 மீட்டர் இதில் சேரவில்லை. மாசி முதல் சித்திரை வரை சமயபுரத்துக்குப் பாதயாத்திரையாகப் பக்தர்கள் இரவும் பகலும் சாலையோரம் நடக்கும் மாதங்களில்தான் கரும்பு வண்டிகளும் அறுவடை வண்டிகளும் ஓடுகின்றன. அந்த 36 மீட்டருக்குள் எத்தனை பேர் நடந்துபோய்க்கொண்டிருப்பார்கள் என்பதை ஒவ்வொரு வண்டிக்காரரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

'பெட்டியின் எடை கொக்கி வழியாக டிராக்டர் மேல் உட்காருகிறதே, அது பின்சக்கரத்தின் பிடிமானத்தைக் கூட்டாதா?' என்பது நியாயமான எதிர்க்கேள்வி. கூட்டும். இரண்டு சக்கரப் பெட்டிக்கு அந்த நன்மை உண்மையிலேயே உண்டு. கொக்கியில் 800 கிலோ அமர்ந்தால், தாளில் போடும் கணக்கில் நிற்கும் தூரம் 36 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு இறங்குகிறது. ஆனால் இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. டிராக்டரின் பிரேக் தட்டுகள் அதன் சொந்த எடையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்தக் கூடுதல் விசையை அவை தருமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது, கொக்கி பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே அழுத்தும் எடை முன்சக்கரத்தைத் தூக்குகிறது. கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியும், முன்பின் சக்கர இடைவெளி 1.9 மீட்டராகவும் இருந்தால், 800 கிலோ அழுத்தம் முன்சக்கரத்திலிருந்து 250 கிலோவை எடுத்துவிடும். 700 கிலோ இருந்த இடத்தில் 450. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்க, டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் வரம்பு. 2 டன் டிராக்டருக்கு 400 கிலோ. 800 வரை சமாளித்தோம். அழுத்தம் 1,200 கிலோவானால் முன்பக்கம் 320 ஆகிவிடும். அதோடு ஏற்றத்தில் இழுக்கும்போது இன்னும் குறையும். மேலே சொன்ன மண்சரிவில், 800 கிலோ அழுத்தத்திலேயே முன்சக்கரத்தில் 200 கிலோதான் மிஞ்சும். அந்த நிலையில் கிளட்சைச் சட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும்பும். கொக்கியை வழக்கமான உயரத்துக்கு மேலே மாட்டியிருந்தால் டிராக்டர் பின்னால் மல்லாந்து கவிழவும் வாய்ப்பு உண்டு. பெட்டியின் மூக்கு உயரத்துக்கு ஏற்ப டிராக்டர் கொக்கியை மேலே ஏற்றி வெல்டிங் வைக்கிற பழக்கத்தை ஒழிக்க வேண்டும். தேவையானால் பெட்டியின் மூக்கைத்தான் தாழ்த்திச் செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் வீடு போன்ற டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவோர் ஏராளம். அங்கே இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற விதிமுறை இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தைக் கோடை வெயிலில் ஏறும் சோதனையும் அதில் அடக்கம். அந்தச் சோதனையில் தேறிய வண்டியை நம்பி டிரெய்லர் வாங்குகிறவர் பிறகுதான் வேறொரு எண்ணைப் பார்க்கிறார்: வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய சுமை. சாதாரண டிரெய்லர் தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தைக் கொக்கியில் வைக்கும். பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே ஆணி மாட்டும் 'ஃபிப்த் வீல்' வகை பதினைந்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் வரை வைக்கும். நாலரை டன் ஃபிப்த் வீல் என்றால் இருபது சதவீதக் கணக்கில் 900 கிலோ. குடும்பமும் சாமான்களும் ஏறினால் சிறு பிக்கப்பின் தாங்கும் வரம்பு அதோடு தீர்ந்துவிடும், இழுவை வரம்பு இன்னும் பாக்கியிருக்கும்போதே. இந்த ஒற்றுமையோடு ஒரு வேற்றுமையையும் கவனிக்க வேண்டும். ஃபிப்த் வீலில் எடை பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னோ விழுகிறது. ஆகவே அது முன்சக்கரத்தைத் தூக்குவதில்லை. நம் நாட்டு நீள டிரெய்லர் லாரிகளும் அப்படித்தான். டிராக்டருக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவ்வளவு எடையைக் கொக்கியில் வைக்கும் உரிமையும் அதற்கு இல்லை.

அப்படியானால் எவ்வளவு பெரிய பெட்டி? அமெரிக்க டிராக்டர் நிறுவனங்களின் கையேடுகளில் ஒரு வரம்பைக் காணலாம்: பிரேக் இல்லாத பெட்டி, சுமையோடு சேர்த்து, டிராக்டரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது; வேகமும் 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பது புரியும். 2 டன் டிராக்டர், 3 டன் பெட்டி, மொத்தம் 5 டன். 30 கிலோமீட்டரிலிருந்து நிற்க 23 மீட்டர். அதற்கு மேல் போனால் நடுத்தெருவில் குறுக்கே வரும் மனிதரையோ மாட்டையோ காப்பாற்ற முடியாது. பெட்டியின் சொந்த எடை ஒன்றேகால் டன் என்றால், 2 டன் டிராக்டருக்கு பிரேக் இல்லாமல் ஏற்றக்கூடிய சுமை ஒன்றேமுக்கால் டன்தான். 40 கிலோ நெல் மூட்டையில் நாற்பத்துச் சொச்சம். இதைக் கேட்டதும் பலருக்குச் சிரிப்பு வரும் என்பது தெரியும்; இதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏற்றிக்கொண்டுதான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் அந்த இரண்டு மடங்குக்கு உண்மையான விடை ஒன்று இருக்கிறது: பெட்டிக்கு பிரேக். 6 டன் பெட்டி தன் எடையில் முப்பது சதவீத விசையோடு தானே பிரேக் பிடித்தால், 36 மீட்டர் 11 மீட்டராகிவிடும். எடை கூடிய டிராக்டர் வாங்கும் பணத்தில் சிறு பங்குதான் இதற்குச் செலவு. பெரிய பெட்டி வேண்டும் என்று முடிவு செய்தவர் முதல் ரூபாயை இங்கே போட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

பெட்டி பிரேக்கில் மூன்று வகை உண்டு. டிராக்டர் வேகம் குறைந்ததும் பெட்டி முன்னால் வந்து முட்டுமே, அந்த உந்துதலையே லீவர் வழியாக பிரேக்காக மாற்றுவது ஒன்று. இது விலை குறைவு, டிராக்டரில் எந்த மாற்றமும் வேண்டாம். ஆனால் பின்னோக்கி எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தடுப்புப் பூட்டு வேண்டும், ஓட்டுநர் அந்தப் பூட்டை மறக்காமல் விடுவிக்கவும் வேண்டும். நான்கு டன் வரையிலான பெட்டிக்கு இது போதுமானது. அதற்கு மேல் டிராக்டரின் ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கோ, காற்று பிரேக்கோ தேவை. இவற்றுக்கான வால்வும் இணைப்பும் டிராக்டரில் இருக்கிறதா, பிறகு பொருத்த நிறுவனமே இடம் தருகிறதா என்று டிராக்டர் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். 'பிரேக் வைத்தால் பராமரிக்க முடியாது, சேற்றில் கெட்டுப்போகும்' என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. சேற்றில் உழலும் டிரம் பிரேக்கைப் பருவத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். பி.எச்.இ.எல். ஆலை வந்த பிறகு இரும்பு வேலையில் கைதேர்ந்தவர்களுக்குத் திருச்சி வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆகவே ஆளில்லை என்பது காரணமாகாது. டிராக்டரிலேயே இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குச் செலவே கிடையாது: இடது, வலது பின்சக்கரத்துக்கான இரண்டு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வரும் முன் தாழ் போட்டு இணைப்பது. வயலில் திரும்ப உதவும் தனி மிதியைச் சாலையில் பெட்டியோடு மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், பின்னால் வரும் 6 டன் நேரே தள்ளும், இரண்டும் கத்தி மடங்குவதுபோல் மடங்கும்.

சுமையைக் கண்ணால் அளப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரமுள்ள ஒரு பெட்டி 120 கன அடி கொள்ளும். அதில் கொட்டிய நெல் நிரம்பினால் 2 டன்னை ஒட்டி வரும். ஜல்லி நிரம்பினால் 5 டன்னுக்கு மேல். ஈர எம்.சாண்ட் 6 டன்னை நெருங்கும். மூன்றும் 'ஒரு பெட்டி லோடு'தான். மூன்றுக்கும் கூலி பேசும்போதும் பெட்டிக் கணக்கே பேசப்படுகிறது. நெல்லுக்காக உயரம் கூட்டிச் செய்த பெட்டியில் அடுத்த மாதம் எம்.சாண்ட் ஏறும் என்பதை நினைத்துத்தான் அளவு சொல்ல வேண்டும். கட்டுமானப் பொருளுக்குப் பெட்டி வேண்டுமென்றால் பக்கப் பலகையைத் தாழ்வாக வையுங்கள். பலகை நிறைந்ததே எடை நிறைந்ததாகும்படி செய்துவிட்டால், ஏற்றுகிறவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தண்ணீர் டேங்க் தனி விஷயம். 5,000 லிட்டர் என்றால் 5 டன், ஐயமில்லை. பாதி நிரம்பிய டேங்க் அதைவிட மோசம். உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் ஓடும்போது கொக்கி எடை நொடிக்கு நொடி மாறும். குறுக்குத் தடுப்புத் தகடுகள் இல்லாத டேங்கை எந்த டிராக்டரோடும் மாட்டக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு, லால்குடியை அடுத்த காட்டூர் சர்க்கரை ஆலைக்கும், பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூர் ஆலைக்கும் அரவைப் பருவம் முழுக்கப் பெரிய சுமையோடு டிராக்டர்கள் போய்வருவதைக் காட்டி, 'இவர்களுக்கெல்லாம் என்ன ஆகிவிட்டது?' என்று கேட்பவர் இருப்பார். இதுதான் இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு. இதை ஒதுக்கிவிட முடியாது. பதில் வேகத்தில் இருக்கிறது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 30 கிலோமீட்டரில் 36 மீட்டர் ஆன அதே வண்டி, 15 கிலோமீட்டரில் 9 மீட்டரில் நின்றுவிடும். அனுபவமுள்ள கரும்பு ஓட்டுநர் சமதளச் சாலையில் ஊர்ந்துதான் போகிறார். அந்த நிதானமே அவருடைய பிரேக். ஆகவே மெதுவாகப் போவது உண்மையான பாதுகாப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஓட்டுநரின் மனநிலையை நம்பி நிற்கும் பாதுகாப்பு. ஆலை வாசலில் காத்திருந்து தூக்கம் கெட்ட இரவிலும், திரும்பி இன்னொரு நடை அடிக்கும் அவசரத்திலும், டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்திலும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சோபனபுரத்திலிருந்து பச்சைமலை ஏறி இறங்கும் பாதையில் நியூட்ரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் கியரில் ஏற முடியுமோ அதே கியரில்தான், இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிக்கொண்டு, இறங்க வேண்டும். ஒன்றும் ஆகாமல் ஓடிய நடைகளை எண்ணி வண்டி பொருத்தம் என்று முடிவு கட்டுவது தவறு, ஏனென்றால் அந்த நடைகளில் ஒன்றிலும் திடீரென்று நிறுத்த வேண்டிய தேவை வந்திருக்காது.

'அப்படியே எச்.பி. கூடிய வண்டியாக வாங்கிவிட்டால் எடையும் கூடத்தானே வரும்?' என்பது இன்னொரு கேள்வி. எப்போதும் வராது. ஒரே உடலில் எஞ்சின் பம்பைக் கூட்டி 42லிருந்து 47, 50 என்று விற்கும் மாடல்கள் உண்டு. எடை வித்தியாசம் சில பத்துக் கிலோதான் இருக்கும். 50 எச்.பி. என்ற ஸ்டிக்கரோடு 2 டன் வண்டியும் கிடைக்கிறது, இரண்டரை டன் வண்டியும் கிடைக்கிறது. 6 டன் பெட்டிக்கு வேண்டியது இரண்டாவது. உழவுக்கு எடை கூடிய டிராக்டர் சேற்று நிலத்தில் புதையும் என்பதால் நெல் விவசாயிக்கு இது உண்மையான சங்கடம். அதற்கு வழி, இலகுவான டிராக்டரை வாங்கி, சாலைப் பருவத்தில் மட்டும் எடை ஏற்றுவது: முன்னால் மாட்டும் இரும்புக் கட்டிகள், பின்சக்கர எடைத் தட்டுகள், டயரில் முக்கால் பங்கு தண்ணீர். பின்டயர் ஒவ்வொன்றும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டு சக்கரப் பெட்டி இழுப்பவர் முன்கட்டிகளைத்தான் முதலில் மாட்ட வேண்டும். எவ்வளவு வரை ஏற்றலாம் என்பது டிராக்டர் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் ஆக்சிலும் கியர்பெட்டியும் பழுதாகும். நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டரில் முன்சக்கர இணைப்பு போட்டிருக்கும்போது பிரேக் முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும் என்பது இறக்கத்தில் பெரிய உதவி, ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் அதை எப்போதும் போட்டு ஓட்டினால் டயர் தேய்ந்துவிடும்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா என்பதையும் இதே அளவுகோலால் முடிவு செய்யலாம். இரண்டு சக்கரப் பெட்டி வயலுக்கு நல்லது. கொக்கி எடை பின்சக்கரத்துக்குப் பிடிமானம் தருகிறது, பின்னோக்கி எடுப்பதும் எளிது. ஆனால் பெரிதாகப் பெரிதாக முன்சக்கரத்தைத் தூக்கும். முன்னால் திருகுத்தட்டு வைத்த நான்கு சக்கரப் பெட்டி கொக்கியில் ஏறக்குறைய எதையும் வைப்பதில்லை. முன்சக்கரம் தரையிலேயே இருக்கும், சாலைக்கு ஏற்றது. பிடிமானம் தராததால் அதற்கு பிரேக் கட்டாயம். அதைப் பின்னோக்கி எடுக்கத் தனிப் பழக்கமும் வேண்டும். சுமை 4 டன்னைத் தாண்டும், ஓட்டமும் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் என்றால் பிரேக் வைத்த நான்கு சக்கரப் பெட்டியே சரி. ஒரு நடைக்கு இருபது, முப்பது கிலோமீட்டருக்கு மேல் எப்போதும் கட்டுமானப் பொருள்தான் இழுக்கப் போகிறீர்கள் என்றால், டிராக்டரை விட்டுவிட்டு நான்கு சக்கரத்திலும் பிரேக் உள்ள சிறிய லாரியை விலை கேளுங்கள். டிராக்டர் நிறுவனங்கள் இதைச் சொல்லாது. ஆனால் அந்த வேலைக்கு டிராக்டர் பொருத்தமான வண்டி அல்ல.

கையிலிருக்கும் டிராக்டரும் பெட்டியும் பொருந்துகின்றனவா என்று தெரிந்துகொள்ள எடைமேடை போதும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைப் பகுதியில் அதற்கு அலைய வேண்டியதில்லை. முதலில் பெட்டி இல்லாமல் டிராக்டரை நிறுத்தி மொத்த எடையை வாங்குங்கள். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை. அடுத்து வழக்கமாக ஏற்றும் சுமையோடு பெட்டியை மாட்டி, டிராக்டரின் நான்கு சக்கரமும் மேடையில், பெட்டிச் சக்கரம் வெளியில் இருக்கும்படி நிறுத்துங்கள். இதிலிருந்து முதல் எடையைக் கழித்தால் கொக்கி எடை வந்துவிடும். அப்படியே டிராக்டரைச் சற்று முன்னால் எடுத்தோ பின்னால் தள்ளியோ முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி செய்து இன்னொரு எடை. அது டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால், சுமையைப் பெட்டிக்குள் பின்னால் நகர்த்த வேண்டும், இல்லையேல் முன்கட்டி ஏற்ற வேண்டும். ஆனால் சுமையை மிகவும் பின்னால் தள்ளி, கொக்கி மேல்நோக்கி இழுபடும் நிலைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. ஏற்றத்தில் பின்சக்கரம் பிடி இழப்பதும், ஓட்டத்தில் பெட்டி வாலாட்டுவதும் அதனால்தான். கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து மொத்த எடை. ஐந்து எடைச் சீட்டுகள். இவற்றைப் பெட்டியின் ஆர்.சி.யில் பதிவான மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். டிராக்டருக்குத் தனியாகவும் பெட்டிக்குத் தனியாகவும் பதிவு உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு ஜல்லி ஏற்றிப்போய் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுக்கும் வாதமும் அந்தப் பதிவுதான். பெட்டியின் மேல் ஆள் ஏற்றிப் போவதற்கும் அதே கதி.

புதுப் பெட்டிக்குப் பட்டறையில் முன்பணம் கொடுக்கும் முன், செய்பவரிடம் சில கேள்விகளுக்கு விடை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்: வெறும் பெட்டியின் எடை எவ்வளவு வரும், ஆக்சிலும் டயரும் எத்தனை டன்னுக்கு, ஆக்சிலைப் பெட்டியின் நடுவிலிருந்து எவ்வளவு பின்னால் தள்ளி வைக்கப் போகிறார், மூக்கின் உயரம் உங்கள் டிராக்டர் கொக்கியோடு பொருந்துகிறதா, பிரேக் எந்த வகை, கொக்கி ஆணி கழன்றாலும் பெட்டி ஓடிவிடாதபடி பாதுகாப்புச் சங்கிலி உண்டா, பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் கரும்போ வைக்கோலோ தொங்கினாலும் மறையாத இடத்தில் இருக்கின்றனவா. ஆக்சில் இடத்தை மட்டும் பட்டறைக்காரரின் வழக்கத்துக்கு விட்டுவிட வேண்டாம். டிராக்டரை எடைமேடையில் நிறுத்தி எடுத்த முதல் இரண்டு சீட்டுகளையும் கையோடு கொண்டுபோனால், முன்சக்கரம் எவ்வளவு கொக்கி எடையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு, ஆக்சில் எங்கே விழ வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே குறித்துக்கொள்ளலாம்.